ஒஸ்லோவிலிருந்து வந்த விலை

தன் வீடு இத்தனை அழகானது என்பதை விமலராணி அத்தானின் கைப்பேசியில்தான் முதன்முதலாகக் கண்டாள்.

மேசையில் இடியப்பமும் சொதியும் ஆறிக்கொண்டிருந்தன. ஒஸ்லோவிலிருந்து பலெர்மோவுக்கு விடுமுறையில் வந்திருந்த அக்கா குகனேஸ்வரியும் அத்தான் அருளையாவும் எதிரே இருந்தார்கள். அருளையா அங்கே பேருந்து ஓட்டுகிறவர். வலது கையால் இடியப்பத்தைப் பிசைந்தபடி, இடது கையால் கைப்பேசியை அவள் பக்கம் திருப்பினார்.

“இதைப் பார் ராணி. உங்கடை இந்தக் கபோப் பகுதியிலைதான். ரெண்டு படுக்கையறை, பல்கனி, கீழை சந்தை. உந்த விலைக்கு ஒஸ்லோவிலை கார் விடக் கராஜும் கிடையாது.”

அவள் குனிந்து பார்த்தாள். வெள்ளைச் சோபா. நீளமான மரமேசை. ஒரு மண்கிண்ணத்தில் மஞ்சள் மஞ்சளாக எலுமிச்சம்பழம். யாரோ பணக்காரர் வீடு என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். பூப்போட்ட பழைய கல். ஜன்னலோரம் ஒரு கல் மட்டும் பூ மாறி, நிறம் மாறி இருந்தது. அவள் கையிலிருந்து பிரஷர் குக்கர் விழுந்து உடைந்த கல்லுக்குப் பதிலாக அவள் புருஷன் எங்கேயோ தேடிப்பிடித்துப் பதித்த கல் அது. இந்த நிமிடம் அந்தக் கல்லின்மேல்தான் அருளையாவின் நாற்காலிக் கால் நின்றது.



“தரையும் உங்கடையைப் போலவே கிடக்கு” என்றாள் அக்கா, எட்டிப் பார்த்து.

“இஞ்சை பழைய வீடெல்லாம் ஒரே கல்லுத்தான்.” பதில் நகுலேஸ்வரனிடமிருந்து வந்தது. விமலராணியின் புருஷன் அவன். தலை நிமிராமல் சொதியை ஊற்றிக்கொண்டான். “அந்த வீடு எனக்குத் தெரியும் அண்ணை. நல்லதில்லை. சுவரெல்லாம் ஈரம்.”

“ஈரமெண்டால் நல்லது தம்பி. சொல்லி விலையைக் குறைக்கலாம்” என்று அருளையா சிரித்தார்.

போன மாதம் வீட்டு முகவர் நிலையத்திலிருந்து ஒருவன் வந்து படம் எடுத்துக்கொண்டு போயிருந்தான். கட்டில், அலுமாரி, கொடியில் காய்ந்த சேலை, சுவாமிப் படம் எல்லாம் இருக்கத்தான் எடுத்தான். “கம்ப்யூட்டரில் துடைத்துவிடுவோம் சின்னோரா, கவலைப்படாதீர்கள்” என்றான். துடைத்துத்தான் இருந்தார்கள். குடியிருந்தவர்களைத் துடைத்துவிட்டு அந்த இடத்தில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள்.

வீடு இவர்களுடையதல்ல. அதுதான் சங்கதி. அது அக்காவுக்கும் அத்தானுக்கும் தெரியாது. அதுதான் பெரிய சங்கதி.

கீழ்மாடியில் இருந்த கிழவி சின்னோரா அகாத்தாவின் வீடு அது. விமலராணி அவளைக் குளிப்பாட்டி, ஊட்டி, படுக்கையில் புரட்டிப் போட்டுப் பார்த்துக்கொண்டாள். கிழவி மேல்மாடியை இவர்களுக்குச் சின்ன வாடகைக்கு விட்டிருந்தாள். கைக்குக் கை, ஒப்பந்தம் கிடையாது. மகள் ஜெனனி பிறந்து, நடந்து, பள்ளிக்கூடம் முடித்து, இப்போது ஒரு காபிக் கடையில் வேலைக்குப் போவதெல்லாம் அந்த மேல்மாடியிலிருந்துதான்.

பொய்யை நகுலேஸ்வரன் திட்டம்போட்டுச் சொல்லவில்லை. ஒருநாள் கைப்பேசியில் குடும்பமே கூடிக் கதைத்துக்கொண்டிருந்தது. லண்டன் தம்பி வீடு வாங்கிவிட்டான், பாரிஸ் தங்கை வாங்கிவிட்டாள், ஒஸ்லோக்காரர் எப்போதோ வாங்கிவிட்டார்கள். “நீங்கள் எப்ப தம்பி?” என்று அருளையா கேட்டார். மற்றவர் வீட்டுக் கட்டிலும் கழிவறையும் கழுவிச் சீவிக்கிறவர்கள் என்று இத்தாலியில் இருக்கிற தமிழர்மேல் மற்ற நாட்டுத் தமிழருக்கு ஒரு பார்வை உண்டு. அந்தப் பார்வை திரைக்குள்ளிருந்தும் சுட்டது. “நாங்களும் எடுத்திட்டம் அண்ணை” என்று வாயில் வந்துவிட்டது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஊரில், கோண்டாவிலில், அம்மாவின் வீடு முறைப்படி விமலராணிக்குச் சீதனமாக வரவேண்டியது. யாருக்கு எழுதுவது என்று பேச்சு வந்தபோது, நகுலேஸ்வரன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “எங்களுக்கு இஞ்சை வீடிருக்கு. அதைக் கடைசித் தங்கச்சிக்கு எழுதுங்கோ” என்றான். மாப்பிள்ளை என்றால் இவனல்லவோ மாப்பிள்ளை என்று சாதிசனமெல்லாம் புகழ்ந்தது. பக்கத்தில் நின்று மீன் பொரித்துக்கொண்டிருந்த விமலராணி வாய் திறக்கவில்லை. புகழ்ச்சி அவளுக்கும் இனித்தது. இல்லாத வீட்டைக் காட்டி இருந்த வீட்டை விட்டுக் கொடுத்தார்கள்.

சின்னோரா அகாத்தா இலையுதிர் காலத்தில் செத்துப்போனாள். மகன் மிலானோவிலிருந்து வந்தான். கெட்டவன் என்று சொல்ல முடியாது. படிக்கட்டில் உட்கார்ந்து விமலராணியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். “என் மகள் மிலானோவில் படிக்கிறாள் சின்னோரா. அங்கே கம்பெனிகள் குவிகின்றன, ஆட்கள் குவிகிறார்கள், வீடு மட்டும் குவியவில்லை. ஒரு சின்ன அறை வாங்கிக் கொடுக்க இந்த வீட்டை விற்றாலும் போதாது” என்றான். கோடைக்கு முன் காலி செய்யச் சொன்னான். வழக்குப் போடலாம் என்றாள் ஜெனனி. பெர்மெஸ்ஸோவை, வதிவிட அனுமதியை, புதுப்பிக்க வேண்டிய நேரத்தில் கோர்ட் வாசலை மிதிக்க நகுலேஸ்வரனுக்குத் துணிவில்லை.

வேறு வீடு தேடினார்கள். கபோவில் கேட்டால், சுற்றுலாக்காரருக்கு மட்டும். பக்கத்துத் தெருக்களில் கேட்டாலும் அதே பதில். கப்பலிலும் விமானத்திலும் வந்திறங்கும் கூட்டம் இரண்டு இரவுக்குக் கொடுக்கிற வாடகையை இவர்கள் ஒரு மாதத்துக்குக்கூடக் கொடுத்ததில்லை. தொலைவில் பிரான்காச்சோ வரை பஸ்ஸில் போனார்கள். வீட்டுக்காரன் சம்பளச் சீட்டுக் கேட்டான். நகுலேஸ்வரன் விடியற்காலையிலிருந்து பொழுது சாயும் வரை வேலை செய்கிறவன். ஆனால் சீட்டில் அது இரண்டு மணி நேரம். மிச்சமெல்லாம் கையில் கொடுக்கிற காசு. “மருமகன் கேட்கிறான், அவனுக்குத்தான்” என்று வீட்டுக்காரன் கதவைச் சாத்தினான்.

இதில் வேடிக்கை ஒன்று இருக்கிறது. நகுலேஸ்வரனின் வேலையே அந்தச் சுற்றுலா வீடுகளில்தான். படுக்கை விரிப்பு மாற்றி, குளியலறை தேய்த்து, வருகிறவர்களுக்குச் சிரித்துக்கொண்டு கதவு திறந்துவிடுவான். அவன் கை பட்ட வீடு பளிங்காக இருக்கும். அதைப் பார்த்துத்தான் இந்தத் தெருவில் பாதிப் பேர் குடியிருந்தவர்களை எழுப்பிவிட்டுத் தங்கள் வீட்டையும் அவனிடம் கொடுத்தார்கள். சொந்தக் கையாலேயே தெருவைத் துடைத்து விலையை ஏற்றினவர்களில் அவனும் ஒருவன்.

சாப்பாடு முடிந்து அத்தானும் அக்காவும் ஒரு கண் தூங்கப் போனார்கள். விமலராணி புருஷனைப் பல்கனிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கீழே சந்தையில் மீன்காரன் ஒருவன் பாட்டுப்போல இராகம் போட்டுக் கத்திக்கொண்டிருந்தான். அந்தச் சத்தத்துக்குள் எதையும் பேசலாம்.

“நாளைக்கு அவையைச் சியாகுல்லிக்குக் கூட்டிக்கொண்டு போறன்” என்றான் அவன். “மந்தரீன் பழக் காலம். தெரிஞ்ச பெடியன் தோட்டத்திலை நிக்கிறான். கையாலை புடுங்கித் தின்னக் குடுத்தால் அண்ணை வீட்டை மறந்திடுவார்.”

“நாளையிண்டைக்கு?”

“கடலுக்குப் போவம்.”

“மாசி மாசத்திலை கடலோ? அவர் நோர்வேயிலை பார்க்காத குளிரே?” அவள் குரலைத் தாழ்த்தினாள். “இஞ்சேருங்கோ, உள்ளதைச் சொல்லிவிடுவம். அத்தானே வாங்கட்டும். நாங்கள் வாடகை குடுத்து இதிலையே இருப்பம்.”

“சகலன்ரை வீட்டிலை வாடகைக்கோ? அதிலும் பார்க்க நான் ஸ்ரேசன் வாங்கிலை படுப்பன்.”

“நீங்கள் படுப்பியள். ஜெனனி எங்கை படுக்கிறது?”

அவன் பல்கனிக் கம்பியைச் சுரண்டினான்.

அப்போதுதான் ஜெனனி வேலை முடிந்து வந்தாள். வந்த வேகத்திலேயே கைப்பேசியை நீட்டினாள்.

“மம்மா, அஜென்சியாக்காரி ஜூலியா மெசேஜ் போட்டிருக்கிறா. நாளைக்குப் பத்தரைக்கு வீடு பார்க்க ஆள் வருதாம். நோர்வேஜேசே, நோர்வேக்காரராம். ஆளுக்கு முகவரி இன்னும் குடுக்கேல்லையாம். அந்த நேரம் எங்களை வெளியிலை நிக்கட்டாம்.”

புருஷனும் பெண்சாதியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

ஜெனனிக்கு விளங்க ஒரு நொடி பிடித்தது. பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. “மாம்மா மீயா! பெரியப்பாவோ? நாளைக்கு விலை கேக்கப் போற அறைக்குள்ளைதானே இப்பக் குறட்டை விடுறார்!”

“மெல்லக் கதை!” என்று நகுலேஸ்வரன் பல்லைக் கடித்தான்.

“நீங்கள்தான் மெல்லக் கதைச்சிருக்க வேணும் பப்பா. அப்பவே.”

மறுநாள் காலை விமலராணி அக்காவை மட்டும் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு இறங்கினாள். புருஷனிடம் சொல்லவில்லை. கணவாய் வாங்கலாம் என்றாள். தக்காளிக் கடை தாண்டி, ஒலிவ்காய்க் கடை தாண்டி, மீன் மேசைக்கு முன்னால் நின்றாள்.

“அக்கா, ஒண்டு சொல்லுவன். பேசக் கூடாது.”

“என்ன பிள்ளை?”

“அத்தான் பார்த்த வீடு எங்கடை வீடுதான்.”

“எங்கடை வீடெண்டால்? நீங்கள் விக்கிறியளோ?”

“நாங்கள் வாங்கவே இல்லை அக்கா. வாடகைக்குத்தான் இருக்கிறம். சின்னோராவின்ரை மகன் விக்கிறான்.”

மீன்காரன் கணவாயைத் தூக்கிக் காட்டி, “புத்தம் புதுசு, சின்னோரா, இன்னும் நீந்துது!” என்று கத்தினான். அக்கா அவனைப் பார்க்கவில்லை. தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அப்ப கோண்டாவில் வீட்டை ஏன் விட்டனி?”

விமலராணிக்குக் கண்ணீர்தான் வந்தது. அக்கா அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். சனக்கூட்டத்தின் நடுவில், ஈரத் தரையில், இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள்.

“விசரி. என்னட்டைச் சொல்லக் கூடாதே? நான் என்ன பிறத்தியாளோ?” அக்கா சேலைத் தலைப்பால் தங்கையின் கண்ணைத் துடைத்தாள். “அழாதை. நான் அத்தானோடை கதைக்கிறன். வீடு எங்களிட்டை வந்தால் உனக்கு என்ன குறை?”

இத்தனை மாதத்தில் முதன்முறையாக விமலராணிக்கு மூச்சு அடிவயிறு வரை போய் வந்தது. கணவாயைப் பேரம் பேசாமல் வாங்கினாள்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா அத்தானை அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். சியாகுல்லிக்குப் போகச் சட்டை மாற்றிக்கொண்டு நின்ற நகுலேஸ்வரன், பெண்சாதியின் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டான். “சொல்லிப்போட்டாய்” என்றான். அவ்வளவுதான். சமையலறைக்குள் போய், கழுவி வைத்திருந்த கோப்பைகளை எடுத்து மறுபடி கழுவத் தொடங்கினான்.

அறைக்கதவு திறந்தது. அருளையா வெளியே வந்தார். கோபம் இல்லை; அதுதான் பயமாக இருந்தது. சுவரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். நாற்காலியை விலத்தி அந்த நிறம் மாறிய கல்லையும் பார்த்தார். அதற்குள் வாசல் மணி அடித்தது. முகவர் பெண் ஜூலியா வந்துவிட்டாள்.

“வெளியே நிற்கச் சொல்லியிருந்தேனே சின்னோரா” என்று அவள் விமலராணியிடம் முகத்தைச் சுளித்தாள். அருளையாவைக் கண்டதும் குழம்பினாள். “நீங்கள் முதலே வந்துவிட்டீர்களா?”

“ராணி, நான் கீழை நிண்டனான், நீ கூப்பிட்டு மேலை ஏத்தினனி எண்டு சொல்லு” என்றார் அருளையா. “வந்த பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது. காட்டட்டும்.”

ஜூலியா காட்டினாள். விமலராணி பின்னால் நடந்து தமிழில் சொன்னாள். தான் பெற்று வளர்த்த பிள்ளையைப் பெண்பார்க்க வந்தவர்களுக்குக் காட்டுவதுபோல இருந்திருந்தால்கூட ஆறுதல். இது சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துக் காட்டுவதுபோல இருந்தது. அருளையா நேற்று இரவு தலைமாடாக வைத்துப் படுத்த சுவரைக் கைவிரலால் தட்டிப் பார்த்தார். குளியலறைக் குழாயைத் திறந்து பார்த்தார். காலையில் அதில்தான் முகம் கழுவியிருந்தார்.

“பாரிஸ்காரர், ஜெர்மன்காரர், எல்லாரும் இங்கே வருகிறார்கள்” என்றாள் ஜூலியா. “அவர்கள் ஊரில் வாங்க முடியாதவர்கள் இங்கே வாங்குகிறார்கள். சம்பளம் இங்கே ஏறவில்லை, விலை ஏறுகிறது. அடுத்த வருடம் இந்த விலைக்குக் கிடைக்காது. நீங்கள் யோசிக்கலாம், ஆனால் நாளை மறுநாள் ஒரு பெல்ஜியக்காரர் பார்க்கிறார்.”

விமலராணி ஒரு சொல் விடாமல் சொன்னாள். சம்பளம் ஏறவில்லை என்பதையும் சொன்னாள்.

ஜூலியா போன பிறகு எல்லாரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நகுலேஸ்வரன் மட்டும் சமையலறை வாசலில் நின்றான்.

“தம்பி, பொய்யைப் பற்றி நான் கதைக்கேல்லை” என்றார் அருளையா. “எல்லாரும் சொல்லுறதுதான். என்னையே எடும். ஒஸ்லோவிலை எனக்குப் பெரிய வீடெண்டு எல்லாரும் நினைக்கினம். அதிலை பாதி வங்கியின்ரை. யசிந்தனைத் தெரியும்தானே?”

யசிந்தன் அவருடைய மகன். கலியாணம் முடித்து இரண்டு வருடம்.

“அவனும் பெண்சாதியும் ஆற்றையோ வீட்டு நிலக்கீழ் அறையிலை இருக்கினம். ரெண்டு பேரும் படிச்ச பிள்ளையள், நல்ல வேலை. எண்டாலும் வீடு வாங்க வங்கி முதலிலை ஒரு தொகை கையிலை வைச்சிருக்கக் கேக்குது. அதைச் சேர்க்க முதல் விலை இன்னும் ஏறுது. துரத்திக்கொண்டு ஓடுறாங்கள், பிடிபடுகுதில்லை.” அவர் கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைத்தார். “என்ரை வீட்டின்ரை விலை ஏறினபடியால்தான் வங்கி அதின்மேலை எனக்குக் கடன் தருது. அந்த விலை ஏறினபடியால்தான் என்ரை மகனுக்கு வீடில்லை. ஒரே விலைதான். அப்பனுக்குக் குடுக்குது, மகனிட்டைப் பறிக்குது. அந்தக் கடனிலை இஞ்சை ஒரு வீடெடுத்து ரூரிஸ்ற்றுக்கு விட்டால், அதிலை வாற காசிலை அவனுக்குக் கை குடுக்கலாம். வேறை வழி எனக்குத் தெரியேல்லை.”

“எடுங்கோ அத்தான்” என்றாள் விமலராணி. “நாங்கள் வாடகை தாறம். முந்தித் தந்ததிலும் பார்க்க ரெண்டு மடங்கு தாறம். ஜெனனியும் உழைக்கிறாள்.”

தொகையைச் சொன்னாள். அருளையா சிரிக்கவில்லை. மனதுக்குள் கூட்டிக் கழித்துப் பார்ப்பது அவர் உதட்டில் தெரிந்தது. எங்கேயாவது ஒரு வழி இருந்துவிடாதா என்று மறுபடியும் பார்த்தார்.

“கடன் கட்டவே காணாது ராணி.”

“நீங்கள் கேக்கிறதைச் சொல்லுங்கோ.”

“நான் கேட்டால் நீ தருவாய். சாப்பிடாமல் இருந்து தருவாய். ஒரு மாசம் தராட்டி நான் வாய் திறக்க ஏலுமே? இனசனத்துக்கு வாடகைக்கு விட்டால் வாடகையும் போகும், இனசனமும் போகும்.” அவர் கைப்பேசியை ஓரமாகத் தள்ளினார். “வேண்டாம் எண்டால் சொல்லு. நான் எடுக்கேல்லை. இண்டைக்கே விட்டிடுறன்.”

எல்லாரும் விமலராணியைப் பார்த்தார்கள். சந்தையில் அணைத்துக்கொண்ட அக்காவும் பார்த்தாள். ஆனால் அக்காவின் முகம் இப்போது தாயின் முகமாக மாறியிருந்தது, யசிந்தனின் தாயாக.

“நாங்கள் விட்டாலும் பெல்ஜியக்காரன் எடுப்பான் பிள்ளை” என்றாள் அக்கா மெதுவாக. “அவன் எடுத்தால் உங்களுக்கு ஒண்டுமில்லை. நாங்கள் எடுத்தால் வீடு உங்கடை கையிலைதானே இருக்கும்? துடைக்கிறது, ஆக்களை ஏத்துறது எல்லாம் நகுலன்தானே? அதுக்குக் காசும் வரும்.”

அவள் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. பிழை இருந்திருந்தால் கத்தலாம், சண்டை பிடிக்கலாம், கணவாய்ச் சட்டியைத் தூக்கி எறியலாம். எல்லாருடைய கணக்கும் சரியாக இருந்தது. மிலானோக்காரனுடையது சரி. அத்தானுடையது சரி. வங்கியுடையதும் சரி. எல்லாச் சரியும் சேர்ந்து அவள் கழுத்தில் வந்து ஏறியிருந்தது.

சமையலறை வாசலிலிருந்து நகுலேஸ்வரன் பேசினான். காலையிலிருந்து அவன் பேசிய முதல் முழு வசனம் அதுதான்.

“எடுங்கோ அண்ணை. வீடு நல்ல வீடு. ஈரமில்லை.”

பிறகு துவாயை எடுத்துக் கையைத் துடைத்துவிட்டு வேலைக்குப் போனான். அன்று மூன்று வீட்டில் ஆட்கள் மாறுகிறார்கள்.

உயிர்த்த ஞாயிறுக்கு முன்னமே அவர்கள் காலி செய்தார்கள். வீடு வெறுமையாக இருந்தால்தான் கைமாற்றலாம் என்று ஜூலியா சொல்லிவிட்டாள். கட்டிலும் அலுமாரியும் பிரான்காச்சோவில் ஒரு தச்சுப்பட்டறையின் பின்பக்கத்துக்குப் போயின. பட்டறைக்காரன் மழைக்காலம் வரை வைத்திருக்கச் சம்மதித்தான். மன்னார்க்காரி யோசப்பின், விமலராணியோடு ஒன்றாக வேலைக்குப் போகிறவள், தன் வீட்டுச் சாப்பாட்டு அறையில் இரண்டு பேருக்குப் பாய் விரிக்க இடம் கொடுத்தாள். அவள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகுதான் அங்கே காலை நீட்டலாம். ஜெனனி தோழி ஒருத்தியின் அறைக்குப் போனாள். போகும்போது தகப்பனைத் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போதெல்லாம் கைப்பேசியில் எடுத்தால், “ஓம் மம்மா, சாப்பிட்டன் மம்மா” என்பதோடு வைத்துவிடுகிறாள்.

வீடு தேடுவதை நகுலேஸ்வரன் நிறுத்தவில்லை. ஆனால் கேட்கிறபோதே இல்லை என்ற பதிலை எதிர்பார்த்துக் கேட்கப் பழகிவிட்டான். கேட்கிற குரலிலேயே அது தெரிந்தது, வீட்டுக்காரர்களுக்கும் தெரிந்தது.

ஒருநாள் ஒஸ்லோவிலிருந்து அத்தான் எடுத்தார். “ராணி, ஒரு உதவி. நொத்தாரிசு வீட்டு உறுதி எழுத்தை வாசிக்கேக்கை எனக்கு விளங்க வேணுமாம். என்ரை இங்கிலீசை நம்பி இவ்வளவு காசுக்குக் கையெழுத்து வைக்கப் பயமாக் கிடக்கு. தமிழிலை சொல்ல ஒராள் வேணும். உன்னைவிட ஆர் இருக்கினம்?” பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஒண்டு. உறவுக்காரர் சொல்லக் கூடாதாம், சட்டமாம். கேட்டால் இல்லையெண்டு சொல்லிவிடு. ஒரு சொல்லுத்தானே.”

மறுக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் மறுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்க் கதவைச் சாத்துவதற்கும் ஒரு வீடு வேண்டும். “ஓம் அத்தான்” என்றாள்.

நொத்தாரிசின் அறை உயரமாக, குளிர்ந்து இருந்தது. மிலானோக்காரன் ஒரு பக்கம், அத்தான் மறுபக்கம், ஜூலியா ஓரத்தில். அக்கா வரவில்லை; பேரப்பிள்ளை வரப்போகிறதாம், யசிந்தனின் பெண்சாதிக்குத் துணையாக நின்றுவிட்டாள். மிலானோக்காரன் விமலராணியைக் கண்டதும் எழுந்து நின்று கைகொடுத்தான். கண்ணைப் பார்க்கவில்லை.

நொத்தாரிசு மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “சின்னோரா, உண்மையாக மொழிபெயர்ப்பேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். வாங்குகிறவருக்கு நீங்கள் உறவா?”

“இல்லை.”

சுலபமாகத்தான் வந்தது. கணக்கெல்லாம் பார்த்து முடிந்த பிறகு அதில் எவ்வளவு பொய் என்று அவளுக்கே தெரியவில்லை.

நொத்தாரிசு வாசிக்கத் தொடங்கினார். இன்ன தெரு, இன்ன மாடி, இத்தனை அறை. அவள் தமிழில் சொன்னாள். தண்ணீர் வசதி, பல்கனி, படிக்கட்டில் பங்கு. சொன்னாள். வீடு ஆட்களும் சாமான்களும் இல்லாமல் வெறுமையாக ஒப்படைக்கப்படுகிறது என்று ஒரு வரி வந்தது.

“ஆக்களும் சாமானும் இல்லாமல் வெறும் வீடாத் தருகினமாம்” என்றாள்.

அருளையா தலையாட்டினார்.

“மொழிபெயர்ப்பவரின் விபரத்தையும் சேர்க்க வேண்டும்” என்றார் நொத்தாரிசு. எழுத்தர்ப் பெண் விமலராணியின் அடையாள அட்டையை வாங்கித் திருப்பினாள். முகவரியைத் தட்டத் தொடங்கியவள் நின்றாள். அட்டையைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், நொத்தாரிசின் காதருகே குனிந்து ஏதோ சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“சின்னோரா, இங்கே இருக்கிற முகவரி, இப்போது விற்கிற வீடு அல்லவா? நீங்கள் அதில் இருக்கிறீர்களா?”

மிலானோக்காரன் கதிரையில் நெளிந்தான். ஜூலியா கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள்.

“இல்லை. போய்விட்டோம்.”

“சரி. அப்படியானால் பிரச்சினை இல்லை. இப்போது எங்கே இருக்கிறீர்கள்? அதை எழுதிக்கொள்கிறோம்.”

விமலராணி வாயைத் திறந்தாள். யோசப்பின் வீட்டு முகவரியைச் சொல்ல முடியாது. கூடுதலாக ஆள் இருப்பது தெரிந்தால் அவளையும் எழுப்பிவிடுவார்கள். தச்சுப்பட்டறையைச் சொல்ல முடியாது. அங்கே கட்டில் மட்டும்தான் இருக்கிறது. பலெர்மோவின் தெருப் பெயர்கள் எல்லாம் அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு தெருவிலும் யாராவது ஒருவருடைய வீட்டைத் துடைத்திருக்கிறாள். சொல்ல ஒன்றும் வரவில்லை.

 இத்தாலி மொழி விளங்காத அருளையாவுக்கு, எழுத்தில் ஏதோ சிக்கல் வந்துவிட்டது என்று பயம் பிடித்துக்கொண்டது. அவள் பக்கம் சரிந்தார்.

“என்ன பிள்ளை? என்ன கேக்கினம்?”

சத்தியம் செய்தவள். சொல்லத்தானே வேண்டும்.

“நான் எங்கை இருக்கிறன் எண்டு கேக்கினம், அத்தான்.”

அருளையா மேசையைப் பார்த்தார். எழுத்தர்ப் பெண் விசைகளின் மேல் விரல்களை வைத்தபடி காத்திருந்தாள்.